மாடு குறுக்கே வரவில்லை

"மாடு குறுக்கால வந்ததோ தம்பி?"

வீதியில் கிடந்த என்னைத் தூக்கி உட்கார வைத்தவர் கேட்ட முதல் கேள்வி அது. நல்ல மனிதர். என் முழங்கையில் வழிந்த இரத்தத்தைத் தோளில் கிடந்த துவாயால் அழுத்திப் பிடித்தபடி கேட்டார். நான் ஓம் என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலைப் பதினொரு மாதம் சுமந்துகொண்டு திரிந்தேன்.

திருகோணமலையில் மாடு குறுக்கே வந்தது என்று சொன்னால் ஒருவரும் சந்தேகப்பட மாட்டார்கள். பொழுதுபட்டால் நிலாவெளி வீதியிலும் கந்தளாய்ப் பக்கமும் மாடுகள் வீதியிலேயே படுத்துக் கிடக்கும். டவுனுக்குள் என்றால் மான். கோட்டைப் பக்கத்திலிருந்து கூட்டமாக இறங்கிவந்து இரவில் கடைத்தெருவில் குப்பை கிளறிக்கொண்டு நிற்கும். வருடா வருடம் மாட்டில் அடிபட்டு விழுந்த யாரையாவது பற்றிக் கேள்விப்படுகிறோம். அதனால்தான் அந்தப் பொய் எனக்கு அவ்வளவு லேசாகக் கிடைத்தது. நான் அதைத் தேடிப் போகவில்லை. ஒருவர் இரக்கப்பட்டுக் கையில் தந்தார், வாங்கிக்கொண்டேன்.

2014ஆம் ஆண்டு. எனக்கு 23 வயது. ஒரு ஹாட்வெயார் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். லீசிங்கில் எடுத்த 150 சிசி பைக்குக்கு இன்னும் ஒன்றரை வருடக் கட்டுக்காசு மிச்சம் இருந்தது.

எங்கள் வயதுக்காரர்கள் சோதனைச்சாவடிகளுக்கு நடுவே வளர்ந்தவர்கள். சைக்கிளைக்கூட இறங்கி உருட்டிக்கொண்டு போன இடங்கள் இருந்தன. கிண்ணியாவுக்குப் போவதென்றால், பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகுக்காகத் துறையில் காத்து நிற்க வேண்டும். 2009இல் அந்த இடத்தில் 396 மீற்றர் நீளப் பாலம் திறந்தார்கள். புல்மோட்டை வீதி, கண்டி வீதி, அநுராதபுர வீதி என்று ஒவ்வொன்றாகக் காபெட் போட்டார்கள். இறங்கச் சொல்ல ஆள் இல்லாத வழுவழுப்பான வீதி, கையில் பைக், வயது இருபது. அந்தச் சந்தோஷம் எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. நடந்ததற்குச் சாட்டாக இதைச் சொல்லவில்லை. அதே வீதியில் அதே வயதில் ஒழுங்காக ஓடியவர்களும் இருந்தார்கள்.

அன்று பின்னேரம் உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரைக்கும் யார் முந்துவது என்று இரண்டு பைக்கில் புறப்பட்டோம். என் பின்னால் மச்சான் முறையான ஒருவன் இருந்தான். என் தலையில் ஹெல்மெட் இருந்தது, பட்டி போடவில்லை. அவனிடம் ஹெல்மெட்டே இல்லை. கிட்டப் போகிறோம், பொலிஸ் நிற்காது என்பதுதான் எங்கள் கணக்கு.

சாம்பல்தீவைத் தாண்டி, இருட்டுவதற்குச் சற்று முன்னால், வீதியின் இடப்பக்க ஓரமாக ஒரு சைக்கிள் போய்க்கொண்டிருந்தது. கரியரில் மீன்பெட்டி. சைக்கிளில் இருந்தவர் வலக்கையை நீட்டினார். சட்டைக் கை மடித்துவிட்ட வயதான கை. அவசரமில்லாமல், முழுக் கையையும் நீட்டி, உள்ளங்கை முன்னுக்குத் தெரிய அசைத்தார். அந்தக் காலத்து ஆட்கள் அப்படித்தான் காட்டுவார்கள். கடற்கரைப் பக்கம் போகும் ஒழுங்கைக்குள் திரும்பப் போகிறார் என்று எனக்கு வடிவாக விளங்கியது.

நான் என்ன செய்தேன் என்பதை இங்கே எழுதியாக வேண்டும். ஹோர்ன் அடித்தேன். அக்சிலேற்றரை முறுக்கினேன். அவர் திரும்புவதற்குள் போய்விடலாம் என்று நினைத்தேன். பிரேக்கை நினைக்கவேயில்லை.

கடைசி நேரத்தில் பின் பிரேக்கை மட்டும் மிதித்தேன். முன் பிரேக் பிடித்தால் தலைகீழாகக் கொட்டும் என்று யாரோ சின்ன வயதில் சொன்னதை அப்படியே நம்பியிருந்தேன். பின்சில்லு இறுகி, பைக் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய்ச் சைக்கிளின் பின்பாதியில் அடித்தது.

பிறகு எனக்கு ஞாபகம் இருப்பது மீன்தான். விற்று மிஞ்சிய சூடை, வீதி முழுக்கச் சிதறிக் கிடந்தது. எங்கள் பைக்கின் ஹெட்லைட் அணையாமல் ஒருபக்கமாகச் சரிந்து எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு மீனும் தனித்தனியாக மின்னியது. எங்கிருந்தோ ஓடிவந்த சின்னப் பையன் ஒருவன் உடைந்த பெட்டியை நிமிர்த்தி வைத்து, மண் ஒட்டிய மீன்களை ஊதி ஊதி ஒவ்வொன்றாக அதற்குள் போட்டுக்கொண்டிருந்தான். அந்த மனிதர் வீதிக்கரையில் மல்லாந்து கிடந்தார். அவருடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே, மடங்கக் கூடாத இடத்தில் மடங்கியிருந்தது.

அப்போது கணக்குப் பார்க்கத் தெரியவில்லை, பிறகு பார்த்தேன். நான் ஏறத்தாழ 85இல் வந்தேன். 85 கிலோமீற்றர் வேகம் என்றால் ஒரு வினாடிக்கு 23 மீற்றருக்கு மேல். ஒரு வொலிபோல் திடலின் நீளம் 18 மீற்றர். கண் கண்டதை மூளை விளங்கிக் கை பிரேக்குக்குப் போகச் சாதாரண ஆளுக்கு ஒரு வினாடியாவது எடுக்கும். அதற்குள் முழுத் திடலையும் தாண்டிவிடுகிறோம், பிரேக் இன்னும் தொடங்கவில்லை. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நாலு மடங்காகும். காய்ந்த வீதி, நல்ல ரயர் என்று வைத்துக்கொண்டாலும், 50இல் வருபவர் கண்டதிலிருந்து நிற்பதற்குச் சுமார் 30 மீற்றர் போதும். 85இல் வந்தால் 60க்கு மேல் வேண்டும். அவர் கை காட்டியபோது எங்களுக்கு நடுவே இருந்தது ஐம்பது மீற்றர் அளவில்தான். நம் நாட்டில் ஊர்மனைக்குள் மோட்டார் சைக்கிளுக்கு 50, வெளியே 70 என்று எழுதியிருப்பதை, பொலிஸ் பிடிப்பதற்காக வைத்த எண் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

முச்சக்கரவண்டியில் அவரை மடித்து ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அது பிழை. எலும்பு முறிந்தவரை அப்படி மடித்துத் தூக்கக் கூடாது, கழுத்திலோ முள்ளந்தண்டிலோ அடிபட்டிருந்தால் தூக்கியவர்களே அவரை முடமாக்கியிருப்போம். அன்று வேறு வழி தெரியவில்லை. இன்றைக்கு 1990 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய அந்த இலவச அம்புலன்ஸ் சேவை இப்போது நாடு முழுக்க வருகிறது. அந்த எண்ணுக்கு எடுத்துவிட்டு, ஆளை அசைக்காமல், மூச்சு விடுகிறாரா என்று பார்த்துக்கொண்டு, இரத்தம் ஓடும் இடத்தைத் துணியால் அழுத்திப் பிடித்திருந்தால் போதும். ஹெல்மெட்டைக் கழற்றத் தெரியாதவர்கள் அதை இழுக்க வேண்டாம். தண்ணீர் பருக்கவும் வேண்டாம். கூட்டத்தில் ஒருவராவது ரோர்ச் லைட்டோடு தள்ளி நின்று வருகிற வாகனங்களை மெதுவாக்க வேண்டும். இருட்டில் இரண்டாவது வாகனம் வந்து ஏறுவது நம் வீதிகளில் நடக்காத விஷயம் அல்ல.

அவருக்கு முழங்காலுக்குக் கீழ் இரண்டு எலும்பும் முறிவு, தலையில் அடி. தகடு வைத்தார்கள். மச்சானுக்குத் தோள் தொடங்கி முழங்கை வரை தோல் உரிந்தது. தலை தப்பியது. எனக்கு எட்டுத் தையல். என் ஹெல்மெட் விழுந்தவுடனேயே கழன்று எங்கேயோ பறந்துபோயிருந்தது. அதைப் போட்டிருந்தேன் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

அந்த வாட்டில் கால் கட்டித் தொங்கிய நிலையில் படுத்திருந்தவர்களில் பாதிக்கு மேல் என் வயதுப் பொடியன்கள். 5 வயது தொடங்கி 29 வயது வரையானவர்களின் இறப்புக்கு முதற்காரணம் வீதி விபத்துத்தான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதைப் பல வருடம் கழித்து வாசித்தபோது, எனக்கு அந்த வாட்தான் கண்ணுக்குள் வந்தது. கட்டில் கட்டிலாக ஒரே கதை. நாய் பாய்ந்தது, மண் சறுக்கியது, முன்னால் போனவன் சிக்னல் போடவில்லை. நான் மாடு என்றேன். தன் வேகத்தைக் காரணம் சொன்ன ஒருவரையும் அங்கே நான் காணவில்லை.

பொலிஸில் வாக்குமூலம் கொடுத்தபோது கதை இன்னும் வளர்ந்தது. மாடு குறுக்கே வந்தது, விலத்தினேன், அந்த நேரம் பார்த்துச் சைக்கிள்காரர் கை காட்டாமல் திரும்பினார். அந்தக் கடைசி வரி வாயிலிருந்து தானாக வந்தது. யாரும் கேட்கக்கூட இல்லை. பந்தயம் ஓடியதை நண்பர்கள் சொல்லவில்லை. தலையில் அடிபட்டதில் சைக்கிள்கார ஐயாவுக்கு அந்தக் கணம் ஞாபகத்திலேயே இல்லை. சைக்கிளை எடுத்ததும் தெரியும், ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் தெரியும், நடுவில் ஒன்றும் இல்லை என்றார்.

இன்னொன்றும் இருந்தது. பைக்கின் காப்புறுதி முடிந்து ஒன்பது நாள். சம்பளம் வந்ததும் கட்டலாம் என்று விட்டிருந்தேன். மூன்றாம் தரப்புக் காப்புறுதி நம் பைக்குக்கானது அல்ல, நாம் இடிக்கப் போகும் ஆளுக்கானது. அதை விட்டுவிட்டால், அவருக்குப் போக வேண்டியதை நம் வீடு கொடுக்க வேண்டும். அம்மாவின் காப்பு இரண்டும் அடைவுக்குப் போயின.

நம் நாட்டில் அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். அதனால் கால் முறிந்தால் செலவில்லை என்று நினைக்கிறவர்கள் உண்டு. தினமும் மீன் விற்றுத் தினமும் உலை வைக்கும் வீட்டில் ஆள் ஏழு மாதம் படுத்தால் என்னவாகும் என்பதை நான் கிட்ட இருந்து பார்த்தேன். கிளினிக் போக வர முச்சக்கரவண்டிக் காசு. வெளியே வாங்கும் மருந்து. அவரைப் பார்க்க வீட்டில் நின்றதால் மனைவி போய்வந்த கூலிவேலையும் போனது. அவருடைய வாடிக்கை வீடுகளை வேறொருவர் பிடித்துக்கொண்டார். அது எந்தக் கணக்கிலும் வராத நட்டம்.

மாதா மாதம் அவர்கள் வீட்டுக்கு ஒரு தொகை கொண்டுபோய்க் கொடுத்தேன். ஊரில் எனக்கு நல்ல பெயர் வந்தது. மாட்டால் நடந்த விபத்துக்கு இந்தப் பொடியன் இவ்வளவு செய்கிறான் என்றார்கள். அவர் மனைவி எனக்காகக் கோணேசரிடம் அர்ச்சனை செய்ததாகச் சொல்லித் திருநீறு தந்தார். நெற்றியில் பூசிவிடவா என்று கேட்டபோது, கையில் வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். கொடுக்க வேண்டிய கடனை உதவி என்ற பெயரில் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சொல்லைத் திருத்தாமல் எத்தனை லட்சம் கொடுத்தாலும் அது கள்ளம்தான்.

ஐயா ஒவ்வொரு முறையும், "பாவம் பொடியன், மாடு வந்தா அவன் என்ன செய்யிறது" என்பார். அதுகூடத் தாங்கலாம். அவர் வீட்டில் அவருக்கு நடந்ததைத்தான் தாங்க முடியவில்லை. பின்னால் பார்க்காமல், கையும் காட்டாமல் திரும்பியதால்தான் இந்த நிலை என்று மனைவி திட்டுவார். கண் மங்கிவிட்டது, இனிச் சைக்கிளே ஓடக் கூடாது என்று மகன் சைக்கிளை விற்கப் பார்த்தான். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் என்னிடமே, "நாப்பது வருசமா இந்த றோட்டில ஓடுறன் தம்பி, அண்டைக்கு மட்டும் என்ன நடந்ததெண்டு விளங்கேல்ல" என்றார். கட்டிலில் இருந்தபடி வலக்கையை மெல்ல நீட்டிப் பார்த்தார், அந்தக் கைக்கு ஏதோ ஆகிவிட்டது போல.

அன்று இரவு அப்பாவிடம் சொன்னேன். முழுவதையும் சொன்னேன். பந்தயம், 85, கை. அப்பா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நாளைக்கு ரெண்டு பேருமாப் போவம்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. விபத்து நடந்த கிழமை மாமா ஒருவர், காப்புறுதி உள்ள வேறு பைக்கைக் காட்டலாம், ஓடியது இன்னார் என்று மாற்றலாம் என்றெல்லாம் வழி சொன்னபோது அப்பாதான் மறித்தார். அப்படி மாற்றிச் சொல்லும் வழக்கம் நம்மிடம் நிறைய இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாத தம்பி ஓடியதை அண்ணன் தன் தலையில் போட்டுக்கொள்வான். பாசத்தில் செய்கிறார்கள். அந்தத் தம்பி அதே வேகத்தில் மறுபடி ஓடுகிறான் என்பதையும் பார்த்திருக்கிறேன்.

ஐயா முற்றத்தில் கதிரையில் இருந்தார். நான் மண்ணில் இருந்துகொண்டு, மாடு வரவில்லை ஐயா என்று தொடங்கினேன். அவர் திட்டுவார், துரத்துவார் என்று எல்லாவற்றுக்கும் ஆயத்தமாகப் போயிருந்தேன். அவர் இடையில் ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

"நான் கை காட்டினனானோ?"

"காட்டினீங்க ஐயா. வடிவாக் காட்டினீங்க. நான் கண்டனான்."

அவர் உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். "இஞ்ச வா. கேட்டியே? நான் கை காட்டினனானாம்." குரல் உடைந்தது. அதைத்தான் இரண்டு மூன்று முறை திருப்பித் திருப்பிச் சொன்னார். என் மேல் கோபப்பட அவருக்கு அன்றைக்கு நேரம் இருக்கவில்லை. கோபம் பிறகு வந்தது. இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. மகன் என்னைப் படலைக்குள் விடவில்லை. அது அவர்களுடைய நியாயம்.

பொலிஸில் மறு வாக்குமூலம் கொடுத்தேன். நீதவான் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். தண்டப்பணம், நட்டஈடு, ஆறு மாதம் அனுமதிப்பத்திரம் இல்லை. அவர் இறந்திருந்தால் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு, அசட்டையால் மரணம் விளைவித்தது, ஐந்து வருடம் வரை சிறை என்று சட்டத்தரணி சொன்னார். சட்டம் தந்த தண்டனை எனக்குச் சின்னதாகத்தான் தெரிந்தது.

இப்போது என் அக்காவின் மகன் பைக் ஓடத் தொடங்கியிருக்கிறான். அவனுக்குக் காட்டிக்கொடுத்த சிலதை இங்கேயும் சொல்கிறேன்.

முதலில் முன் பிரேக். பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்சில்லுக்குப் போகிறது, ஆகவே பைக்கை நிறுத்தும் பலத்தில் பெரும்பங்கு முன்னால்தான் இருக்கிறது. வெட்டிப் பிடித்தால்தான் விழுவோம், பிழிவது போல மெல்ல இறுக்கினால் விழ மாட்டோம். இதை வீதியில் ஆபத்து வந்த நேரத்தில் பழக முடியாது. ஒரு வெறும் திடலில், 30இல் தொடங்கி, இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து நூறு தடவை நிறுத்திப் பழகச் சொன்னேன். இரண்டு பின்னேரம் கூட நின்றேன்.

ஹெல்மெட் பட்டிக்கும் தாடைக்கும் நடுவே இரண்டு விரல் மட்டும் போக வேண்டும். ஹெல்மெட்டோடு ஒருமுறை பலமாக விழுந்தால் அதை மாற்றிவிட வேண்டும். உள்ளே இருக்கும் நுரைப்பஞ்சு ஒரு அடியை வாங்கித்தான் நசுங்குகிறது. வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் இரண்டாவது அடிக்கு அது உதவாது. ஹெல்மெட் தலைக்காயத்தின் ஆபத்தை ஏறத்தாழ 69 சதவீதம் குறைக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். பின்னால் இருப்பவருக்கும் தலை ஒன்றுதான். அவருக்கு ஹெல்மெட் இல்லையென்றால் ஏற்றாதே என்று சொல்லிவிட்டேன். பிறகு அதற்காகக் கோபித்துக்கொண்ட அவனுடைய நண்பர்கள் இருக்கிறார்கள், பரவாயில்லை.

நம் ஊருக்கென்று சில உண்டு. கடற்கரையோர வீதிகளில் காற்று மணலைக் கொண்டுவந்து வளைவில் போட்டிருக்கும், அதில் பிரேக் பிடித்தால் சறுக்கும், வளைவுக்கு முன்னமே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை தொடங்கும்போது முதல் பத்து நிமிடம் தார் மீதிருக்கும் எண்ணெயும் புழுதியும் சேர்ந்து சவர்க்காரம் போலாகும். பொழுதுபட்டால் மாடு உண்மையாகவே குறுக்கே வரும். ஆகவே ஹெட்லைட் வெளிச்சம் எவ்வளவு தூரம் எட்டுகிறதோ, அதற்குள் நிற்கக்கூடிய வேகத்தில்தான் ஓட வேண்டும். அப்படி ஓடுகிறவருக்கு மாடு வந்தாலும் அது விபத்தாவதற்குப் பெரும்பாலும் இடமில்லை.

தாய் தகப்பனுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஏ.எல் முடிந்ததும் பைக் எடுத்துக் கொடுப்பதென்றால், காப்புறுதி முடியும் திகதியை வீட்டுக் கலண்டரில் நீங்களே எழுதி வையுங்கள். பிள்ளை விழுந்து வந்தால், எதில் அடிபட்டாய் என்று கேட்காமல், எத்தனையில் வந்தாய் என்று கேளுங்கள். அவன் சொல்லத் தயங்குகிற பதில் அதற்குள்தான் இருக்கும். அடிபட்டவரின் வீட்டுக்கு அவனையே கூட்டிப் போங்கள். என்னை அப்பா கூட்டிப் போயிராவிட்டால் நான் போயிருக்க மாட்டேன்.

ஐயா இப்போதும் சைக்கிள் ஓடுகிறார். காலில் கொஞ்சம் நொண்டல் உண்டு. மழைக்காலத்தில் தகடு வைத்த இடம் குத்துவதாகச் சொல்வார். வியாபாரம் பழையபடி இல்லை, காலையில் மட்டும் போய்வருகிறார். பெட்டியின் பின்னால் நான் ஒட்டிய சிவப்பு ஒளித்தகடு இருக்கிறது.

போன கிழமை வேலைக்குப் போகும்போது சாம்பல்தீவுப் பக்கம் அவர் பின்னால் வந்தேன். நூறு மீற்றர் இருக்கும்போதே கை எழுந்தது. பைக்கை ஓரமாக்கி நிறுத்திவிட்டேன். பின்னால் வந்த வான்காரர் ஹோர்ன் அடித்தார். நான் கையை நீட்டி அவரையும் மறித்தேன். ஐயா திரும்பிப் பார்க்கவில்லை. ஒழுங்கைக்குள் சைக்கிள் முழுவதும் போன பிறகுதான் அந்தக் கை இறங்கியது.